ஒரே சொல், இரண்டு பொருள்: பிரிட்ஜ் ஆட்டத்தின் 'டபுள்'

'சரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது சம்மதத்தைக் குறிக்கலாம். சலிப்பைக் குறிக்கலாம். 'போதும், நிறுத்து' என்றும் பொருள்படலாம். ஆனாலும் கேட்பவர் குழம்புவதில்லை. குரலின் ஏற்ற இறக்கமும் முகக்குறிப்பும் பொருளைக் காட்டிக்கொடுத்து விடுகின்றன.

குரலும் முகமும் உதவக்கூடாது என்று ஒரு விதி இருந்தால்? அப்போது 'சரி' என்பதன் பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது? இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. இப்படி ஒரு விதியுள்ள மொழி இருக்கிறது. அதுதான் பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தின் ஏல மொழி.

சீட்டு என்றதும் சூதாட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்ஜ் போட்டிகள் சதுரங்கத்தைப் போல மூளைக்கு வேலை தருபவை. ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுகளை அப்படியே அடுத்த மேசைக்கு அனுப்பி, யார் திறமையாக ஆடினார்கள் என்று ஒப்பிடுவார்கள். ஆகவே அதிர்ஷ்டத்தின் பங்கு குறைந்துவிடுகிறது. 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் என்ற இந்திய ஜோடி இந்த ஆட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றது.

38 சொற்கள் கொண்ட மொழி

பிரிட்ஜ் ஆட நால்வர் வேண்டும். எதிரெதிரே அமரும் இருவர் கூட்டாளிகள். வடக்கும் தெற்கும் ஒரு கட்சி. கிழக்கும் மேற்கும் மறு கட்சி. ஆளுக்கு 13 சீட்டுகள். நால்வரும் ஒவ்வொரு சீட்டாகப் போட, உயர்ந்த சீட்டு வைத்தவர் அந்த நான்கையும் எடுப்பார். இதுவே ஒரு 'பிடி'. மொத்தம் 13 பிடிகள்.

சீட்டு இறக்குவதற்கு முன் ஏலம் நடக்கும். 'இருபத்தெட்டு', 'முந்நூற்று நான்கு' போன்ற ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு ஏலம் கேட்பது புதிதன்று. எந்த இனத்தைத் துருப்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று இரு கட்சியும் போட்டி போட்டுக் கேட்கும். '1 ஆட்டின்' என்றால், ஆட்டினைத் துருப்பாக்கி 6-உடன் 1 சேர்த்து 7 பிடி எடுப்போம் என்று பொருள். '2 ஆட்டின்' என்றால் 8 பிடி. இப்படியே 7 வரை போகலாம். இனங்களுக்கும் வரிசை உண்டு: கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட், எல்லாவற்றுக்கும் மேலாகத் துருப்பே இல்லாத 'நோ டிரம்ப்'. அடுத்தவர் கேட்பது முந்தியதைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும்.

7 படிகள், ஒவ்வொன்றிலும் 5 வகைகள். ஆக 35 ஏலங்கள். இவற்றோடு 'பாஸ்', 'டபுள்', 'ரீடபுள்' என்ற மூன்றையும் சேர்த்தால் 38. இந்த மொழியின் அகராதி இவ்வளவுதான்.

ஆனால் சொல்ல வேண்டிய செய்தியோ மிகப் பெரிது. 52 சீட்டுகளிலிருந்து ஒருவருக்கு வரக்கூடிய 13 சீட்டுக் கைகளின் எண்ணிக்கை 63,501 கோடி 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. சொற்கள் குறைவு, செய்திகள் ஏராளம் என்றால் என்ன ஆகும்? ஒரு சொல்லே பல வேலை செய்ய வேண்டியதாகும். அப்படி அதிகம் சுமக்கும் சொல்தான் 'டபுள்'.

தண்டனையா, அழைப்பா?

எதிர்க்கட்சி கேட்ட ஏலத்தின்மேல் 'டபுள்' சொல்லலாம். 'நீங்கள் கேட்ட பிடிகளை எடுக்க உங்களால் முடியாது. பந்தயத்தை உயர்த்துகிறேன்' என்பதே அதன் நேர்ப்பொருள். இது 'தண்டனை டபுள்'. ஆனால் அதற்கு மேல் யாராவது ஏலம் கேட்டுவிட்டால் அந்த டபுள் ரத்தாகிவிடும்.

1910-களில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். எதிரி '1 ஆட்டின்' என்று தொடங்கியவுடனேயே, 'உன்னால் 7 பிடி எடுக்க முடியாது' என்று உறுதியாகச் சொல்ல முடிகிற கை மிக அரிது. அப்படியானால் அந்த இடத்தில் டபுள் என்ற சொல் வேலையின்றிக் கிடக்கிறதல்லவா? அதற்குப் புது வேலை கொடுத்தார்கள்: 'கூட்டாளியே, என்னிடம் நல்ல கை இருக்கிறது; ஆட்டின் குறைவு; மற்ற மூன்று இனங்களில் எதை நீ சொன்னாலும் எனக்குச் சம்மதம்; ஒன்றைச் சொல்.' இதை 'டேக்-அவுட் டபுள்' என்கிறார்கள். நாம் 'அழைப்பு டபுள்' எனலாம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மேற்கு '1 ஆட்டின்', வடக்கு 'டபுள்', கிழக்கு 'பாஸ்'. நீங்கள் தெற்கு. உங்கள் கையில் ஒரு படச்சீட்டுகூட இல்லை. நான்கு சின்ன இஸ்பேட்கள் மட்டும் உள்ளன. 'என்னிடம்தான் ஒன்றுமில்லையே' என்று பாஸ் சொல்லலாமா? கூடாது. நீங்கள் பாஸ் சொன்னால், மேற்கு டபுள் மதிப்பில் ஆட்டினை ஆடி வென்றுவிடுவார். ஆகவே '1 இஸ்பேட்' என்று சொல்லியே தீர வேண்டும். பாஸ் சொல்ல உரிமையுள்ளவர், ஆட்டினையே ஏராளமாக வைத்திருப்பவர். வெறுங்கைக்காரர் பேச வேண்டும். அந்த இனத்தில் வலுவானவர் மௌனமாக இருக்கலாம்!

தவறாகப் படித்தால் என்ன நட்டம்?

இன்றைய பிரிட்ஜின் மதிப்பெண் முறையை ஹெரால்டு வாண்டர்பில்ட் என்பவர் 1925-இல் ஒரு கப்பல் பயணத்தின்போது வகுத்தார். பிற்காலத்தில் சில எண்கள் மாறினாலும் அடிப்படை அதுவே. எதிரி '2 ஆட்டின்' கேட்டிருக்கிறார் என்று கொள்வோம். அவர் 8 பிடி எடுக்க வேண்டும். மதிப்பெண்கள் இரு அளவில் கணக்கிடப்படும். குறைந்த அளவை எடுத்துக்கொள்வோம்.

8 பிடி எடுத்தால் சாதாரணமாக அவருக்கு 110. டபுள் இருந்தால் 470.
7 பிடி எடுத்தால் சாதாரணமாக நமக்கு 50. டபுள் இருந்தால் 100.
6 பிடி எடுத்தால் சாதாரணமாக நமக்கு 100; டபுள் இருந்தால் 300.
5 பிடி எடுத்தால் சாதாரணமாக நமக்கு 150. டபுள் இருந்தால் 500.

110 ஏன் 470 ஆகத் தாவுகிறது? ஆட்டினில் ஆறுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிடிக்கும் 30. இரண்டு பிடிக்கு 60. டபுள் ஆனதும் 120. நூறைத் தொட்டுவிட்டால் 'கேம்' எனப்படும் முழு ஆட்டப் பரிசு 300 கிடைக்கும். டபுளை மீறி வென்றதற்கு இன்னும் 50. ஆக 470. அழைப்பைத் தண்டனை என்று படித்துப் பாஸ் சொன்னால், நாமே எதிரிக்கு இந்தப் பரிசை எடுத்துக் கொடுத்தவர்கள் ஆவோம். தண்டனையை அழைப்பு என்று படித்து ஏலம் கேட்டால், கைக்கு வந்த 300, 500 போய்விடும்.

வழக்கில் தத்தம் கூட்டாளியின் டபுளைத் தவறாகப் படித்துப் போட்டியை இழப்பது உலக வீரர்களுக்கும் நேர்வதுண்டு. கூட்டாளியிடம் 'எந்தப் பொருளில் சொன்னாய்?' என்று கேட்கவும் முடியாது. அழுத்தமாகச் சொன்னார், தயங்கிச் சொன்னார் என்பதை வைத்து முடிவு செய்வதும் விதிக்குப் புறம்பு. எதிரிக்குத் தெரியாத இரகசிய ஒப்பந்தமும் கூடாது. பெரிய போட்டிகளில் வாயால் சொல்வதே இல்லை. பெட்டியிலிருந்து அச்சிட்ட அட்டையை எடுத்து வைக்கிறார்கள். மிஞ்சுவது ஒன்றே: சொல் வந்த சூழ்நிலை.

பொருளைத் தேட நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: ஏலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? கீழ்ப்படியில் வந்த டபுள் பெரும்பாலும் அழைப்பு. எதிரிகள் தாமாகவே படிப்படியாக ஏறி உயரத்தில் நின்றபின் வந்தது பெரும்பாலும் தண்டனை.

இரண்டாம் கேள்வி: நம் கட்சி முன்னரே பேசியிருக்கிறதா? பேசியிருந்தால் தண்டனை என்பதே நெடுநாள் வழக்கம். 1957-இல் ஆல்வின் ராத், டோபியாஸ் ஸ்டோன் என்ற அமெரிக்கர்கள் இதை மாற்றினார்கள். நீங்கள் '1 டைமன்' சொல்கிறீர்கள். எதிரி '1 இஸ்பேட்' என்று குறுக்கிடுகிறார். உங்கள் கூட்டாளி 'டபுள்' என்கிறார். பழைய பொருள்: 'இஸ்பேட் என்னிடம் குவிந்திருக்கிறது.' புதிய பொருள்: 'என்னிடம் நான்கு ஆட்டின் உண்டு, ஆனால் 2 ஆட்டின் என்று ஏறுவதற்கு வலு போதாது.' முதல் வகைக் கை எப்போதோ வருவது. இரண்டாம் வகை அடிக்கடி வருவது. தந்தி மொழியான மோர்ஸ் குறியீட்டில், ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'ஈ' எழுத்துக்கு ஒரே புள்ளியைத் தந்தார்களே, அதே தத்துவம்! அந்த ஆண்டுதான் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியது. ஆகவே இந்த டபுளுக்கும் 'ஸ்புட்னிக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் கேள்வி: கூட்டாளிக்கு வேறு சொல் இருந்ததா? இது மிகவும் சுவையானது. நம் கட்சி '1 இஸ்பேட்', எதிரி '2 ஆட்டின்', நாம் '2 இஸ்பேட்', எதிரி '3 ஆட்டின்'. இப்போது தொடங்கியவரின் முறை. '3 இஸ்பேட்' என்றால் 'விட்டுக்கொடுக்க மனமில்லை, இத்தோடு நில்' என்று பொருள். '4 இஸ்பேட்' என்றால் 'முழு ஆட்டம் நிச்சயம்'. 'முழு ஆட்டம் ஆடலாமா, நீ சொல்' என்று கேட்க எந்தச் சொல் உண்டு? 3 ஆட்டினுக்கும் 3 இஸ்பேடுக்கும் நடுவே ஒரு படியும் இல்லை. ஆகவே பல ஜோடிகள் டபுளையே அந்தக் கேள்வியாக வைத்துக்கொள்கிறார்கள்.

எதிரியின் இனம் ஆட்டினாக இல்லாமல் டைமனாக இருந்தால்? '3 டைமன்' என்பதற்கும் '3 இஸ்பேட்' என்பதற்கும் நடுவே '3 ஆட்டின்' என்ற படி காலியாக உள்ளது. சந்தேகத்தை அந்தச் சொல்லால் கேட்டுவிடலாம். எனவே டபுள் தன் பழைய வேலையான தண்டனைக்கே திரும்பிவிடுகிறது. பாருங்கள், சொல் மாறவில்லை; பக்கத்து இருக்கை காலியா இல்லையா என்பதே பொருளை மாற்றிவிட்டது.

நான்காம் கேள்வி: என் சீட்டுகள் என்ன சொல்கின்றன? ஒவ்வோர் இனத்திலும் 13 சீட்டுகளே உண்டு. எதிரிகள் காட்டியதையும் என் கையில் உள்ளதையும் கழித்தால், கூட்டாளியிடம் அதிகபட்சம் எத்தனை இருக்கும் என்பது தெரிந்துவிடும். எளிய கழித்தல் கணக்குதான். ஆனால் பல சந்தேகங்களை அது தீர்த்துவிடும்.

நான்கையும் கேட்டபின்னும் ஐயம் நீங்காவிட்டால்? 'கீழ்ப்படியில் ஐயம் வந்தால் அது அழைப்பு' என்று பல ஜோடிகள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்கின்றன. இதற்கு நல்ல காரணம் உண்டு. அழைப்பைக் கேட்டவரிடம் எதிரியின் துருப்பு குவிந்திருந்தால், அவர் பாஸ் சொல்லி அதையே தண்டனையாக்கிவிடலாம். அதாவது அழைப்பு என்ற பொருள் இரண்டு கதவுகளையும் திறந்துவைக்கிறது. தண்டனை என்ற பொருள் ஒன்றை மூடிவிடுகிறது.

ஒரு சொல்லின் பொருள் அந்தச் சொல்லுக்குள் மட்டும் இல்லை. எப்போது சொன்னார், அதற்கு முன் என்ன நடந்தது, வேறு எதைச் சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை என்பவற்றிலும் இருக்கிறது. 38 சொற்களை வைத்துக்கொண்டு பிரிட்ஜ் நமக்குக் காட்டும் உண்மை இதுவே.

நீங்களே கண்டுபிடியுங்கள்

நீங்கள் தெற்கு. இரண்டிலும் வடக்கு சொன்ன டபுள் அழைப்பா, தண்டனையா?

1. மேற்கு '1 ஆட்டின்' (குறைந்தது 5 ஆட்டின் உண்டு), வடக்கு பாஸ், கிழக்கு '2 ஆட்டின்' (குறைந்தது 3 உண்டு), நீங்கள் பாஸ், மேற்கு பாஸ், வடக்கு டபுள். உங்களிடம் 3 ஆட்டின்.

2. மேற்கு '1 இஸ்பேட்', வடக்கு பாஸ், கிழக்கு '3 இஸ்பேட்', நீங்கள் பாஸ், மேற்கு '4 இஸ்பேட்', வடக்கு டபுள்.

விடைகள்: 1. அழைப்பு. 5 + 3 + 3 = 11; வடக்கிடம் அதிகபட்சம் 2 ஆட்டினே இருக்க முடியும். 2. தண்டனை. அழைப்பதாக இருந்தால் முதற்படியிலேயே மலிவாக அழைத்திருக்கலாம். அப்போது மௌனமாக இருந்தவர், எதிரி உயரத்தில் ஏறியபின் வாய் திறக்கிறார். அந்த மௌனமும் ஒரு செய்தியே.