காளானும் புற்றுநோயும்

புற்றுநோயின் கொடுமை கட்டி தோன்றுவதோடு நிற்பதில்லை. தோன்றிய இடத்தை விட்டுப் பெயர்ந்து, இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் பிற உறுப்புக்களில் அது குடியேறிவிடுகிறது. அந்நோயால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை இப்பரவுதலின் விளைவே. ஆதலின், அதைத் தடுக்கவல்ல பொருள் ஒன்று காளான் இனத்தில் உண்டு என்று கேட்டவுடன் நோயாளியின் குடும்பத்தார் நம்பிக்கை கொள்வது இயல்பே. அந்நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்பதை ஆராய்வது நம் கடமையாகும்.

கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்பது அந்துப்பூச்சிகளின் புழுக்களிலும் கூட்டுப்புழுக்களிலும் புகுந்து, அவற்றைக் கொன்று, செம்மஞ்சள் நிறத் தண்டாக மேலெழும் பூஞ்சை. 1950-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அதிலிருந்து கார்டிசெப்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். நம் உயிரணுக்களில் இயற்கையாகவே உள்ள அடினோசினை அது ஒத்திருக்கிறது. ஒரே ஒரு பிராணவாயு அணு மட்டும் அதில் குறைவு. உயிரணு ஏமாந்து அதனைத் தன் ஆர்.என்.ஏ. சங்கிலியில் கோத்துவிட்டால், அடுத்த கண்ணியை மாட்ட இடமின்றிச் சங்கிலி அங்கேயே நின்றுவிடுகிறது. உயிரணுவைப் பெருகுமாறு ஏவும் சமிக்ஞைகளையும் அது அடக்குவதாக நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2024-ல் அறிவித்தனர். புற்றணுக்கள் பெருகுவதும் இடம்பெயர்வதும் அதனால் குறைவது சோதனைச்சாலைகளில் காணப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் மெய்யே. ஆனால் மனித உடல் கண்ணாடிக் கலம் அன்று. இரத்தத்தில் புகும் கார்டிசெப்பினை அடினோசின் டிஅமினேஸ் என்னும் நொதி வெகு விரைவில் சிதைத்துவிடுகிறது. இத்தடையைக் கடக்கவே ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தாரும் நுகானா கம்பெனியாரும் அப்பொருளின் அமைப்பைத் திருத்தி, என்.யு.சி.-7738 என்ற மருந்தை ஆக்கினர். முற்றிய நோயாளிகளிடம் அதன் பரிசோதனை 2019-ல் தொடங்கியது. பூஞ்சையில் உள்ள பொருளை உள்ளபடியே கொடுத்தால் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வாறிருக்க, பூஞ்சைத் தூளைப் புற்றுநோய்க்குக் கைகண்ட ஔஷதம் என்று விற்போரை என்னென்று சொல்வது! இமயமலைச் சாரலில் தோண்டியெடுத்துப் பொன்விலைக்கு விற்கப்படும் புழுப்பூஞ்சையோ வேறு இனம். அதில் கார்டிசெப்பின் மிகச் சொற்பம். பணம் போவதைப் பொறுக்கலாம். தூளை நம்பி, சத்திரசிகிச்சைக்கு உரிய காலத்தை நோயாளி இழப்பாராயின், அந்தக் காலத்தை எவர் மீட்டுத் தருவார்? புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டம் நம் நாட்டில் தடுத்திருக்கிறது. ஏட்டில் உள்ள அச்சட்டம் கடைவீதியிலும் செல்லுபடியாகுமாறு சர்க்கார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காளானை இகழ்வது நம் நோக்கமன்று. 1928-ல் பிளெமிங் கண்ட பூஞ்சணம், 1941-ல்தான் பெனிசிலின் ஊசியாக ஒரு நோயாளியின் இரத்தத்தில் ஏறிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை மருந்தாக்கியது ஆர்வமன்று, உழைப்பும் பரிசோதனையுமே. கார்டிசெப்பினும் அப்பரீட்சையில் தேறட்டும். தேறினால் முதலில் வரவேற்பவர்கள் நாமே. அதுவரையில், நோயுற்றோர் தம் வைத்தியரின் சிகிச்சையைக் கைவிடாதிருப்பார்களாக!