இருவாட்சிப் பட்சியும் மலையோரக் குடியானவர்களும்

மேற்குத் தொடர்ச்சி மலைகளில் இருவாட்சி வகைகள் நான்கு உள. அவற்றுள் சாம்பல் நிறமுள்ள நாட்டு இருவாட்சி சமவெளிகளிலும் காணப்படும். யாவற்றினும் பெரியது ஆனைமலை முதலிய மழைக்காடுகளில் வசிக்கும் பெரிய இருவாட்சியாகும். மலைச்சரிவில் காப்பி, ஏலம், மிளகு பயிரிடுவோர் இதனை நன்கு அறிந்துகொள்ளுதல் அவசியம்.

இப்பட்சி 3 முதல் 4 அடி நீளமும் சுமார் 3 கிலோ எடையும் உள்ளது. மஞ்சள் நிறமான பெரிய அலகின்மேல் மற்றோர் அலகைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு புடைப்பு இருக்கும். பார்வைக்குப் பெரிதாயினும் அதன் உட்புறம் பெரும்பாலும் வெற்றிடமாதலால் கனம் குறைவு. ஆணின் கண் சிவப்பு; பெண்ணின் கண் வெண்மை. இது பறக்குங்கால் எழும் இறக்கையொலி, புகைவண்டி நீராவி விடுவது போல வெகு தூரம் கேட்கும்.

இதன் கூடுகட்டும் முறை விநோதமானது. மரத்தைக் குடைந்து பொந்துண்டாக்கும் சக்தி இதற்கில்லை. ஆகையால் முதிர்ந்த பெருமரங்களில் தானே உண்டான பொந்தையே நாடும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெண் உள்ளே புகுந்து, தன் எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்து வாயிலைப் பூசி, அலகு நுழையுமளவு இடுக்கு மாத்திரம் விட்டு அடைத்துக்கொள்ளும். ஒன்று அல்லது இரண்டு முட்டையிட்டு, சுமார் 40 நாள் அடைகாக்கும். அக்காலத்தில் பெரும்பாலும் தன் சிறகுகளையும் உதிர்த்துவிடும். குஞ்சு பறக்கும் வரை ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். சாதாரணமாகத் தேறுவது ஒரு குஞ்சே.

உள்ளிருப்பவற்றிற்கு ஆகாரம் கொணர்வது ஆண் பட்சியே. அது பழங்களைத் தொண்டையில் நிரப்பி வந்து, ஒவ்வொன்றாக இடுக்கின் வழியே ஊட்டும்; பூச்சி, ஓணான், சிறு பாம்பு முதலியவற்றையும் கொடுக்கும். ஆகவே அப்பருவத்தில் ஆண் பட்சி ஒன்றைச் சுடுதல் குடும்பம் முழுவதையும் பட்டினிக்கு உள்ளாக்குவதாம். வருஷந்தோறும் அதே பொந்திற்குத் திரும்பும் பழக்கம் இருப்பதால், பொந்துள்ள ஒரு மரத்தை வெட்டினால் அநேக வருஷத்து இனவிருத்திக்கு இடம் போயிற்று.

'இதனால் பயிருக்கு என்ன லாபம்?' என்று கேட்கலாம். நெல், சோளம் முதலிய தானியங்கள் இதற்கு ஆகாரமல்ல. ஆல், அத்தி இனப் பழங்களும், காட்டு ஜாதிக்காய், வெள்ளகில் போன்ற மரங்களின் கனிகளுமே இதன் முக்கிய உணவு. கொண்டைக்குருவி போன்ற சிறு பறவைகளால் விழுங்க முடியாத பெரிய விதைகளையும் இது விழுங்கி, சதை ஜீரணித்தபின் விதையைத் தூரத்தில் கக்கிவிடும். காட்டில் பெருமரங்கள் புதிதாக முளைப்பதற்கு இது பெரிதும் துணை. மழைநீரை மண்ணில் தேக்கி, ஓடைகளில் விடுவது அக்காடே. ஆனைமலையில் பிறக்கும் ஆழியாற்றுத் தண்ணீரைக் கொண்டு கீழே சாகுபடி செய்வோர் இதனை மறத்தலாகாது.

கேரளத்து வாழச்சால் காட்டில் வசிக்கும் காடர்கள் முற்காலத்தில் இதன் குஞ்சுகளை இறைச்சிக்காக எடுத்துவந்தனர். இந்நூற்றாண்டின் தொடக்க வருஷங்களிலிருந்து அவர்களிற் பலரே பொந்து மரங்களைக் கணக்கெடுத்துக் காவல் புரிகின்றனர். மரத்தை அறிந்தவனே அதைக் காக்கவும் வல்லவன் என்பதற்கு இது தக்க சான்று.

ஆகையால் மலையோர நிலமுடையோர் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வது நலம்:

1. ஓடைக்கரையிலும் தோட்ட எல்லையிலும் உள்ள பொந்துள்ள பழைய மரங்களை, பட்டுப்போயினவென்று எண்ணி வெட்டாதிருத்தல்.

2. நிழல் மரங்களைக் கழிக்குங்கால் ஆல், அத்தி இனங்களை விட்டுவைத்தல். சில்வர் ஓக் மாத்திரம் வைத்த தோட்டத்தில் இப்பட்சிக்கு இரையும் இல்லை, கூடும் இல்லை.

3. ஜனவரி முதல் மே வரை கூட்டு மரத்தருகே ஆரவாரம் செய்யாதிருத்தல்.

இப்பட்சியை வேட்டையாடுவது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கிராம அலுவலர்கள் இதனை ஜனங்களுக்கு எடுத்துரைத்து, குற்றம் நிகழ்ந்தால் தாமதமின்றி வனத்துறையினருக்குத் தெரிவிப்பார்களாக. நூறு வருஷம் வளர்ந்த மரத்தை வெட்ட ஒரு முற்பகல் போதும். அதன் பொந்தை மீண்டும் உண்டாக்க நம்மில் எவராலும் ஆகாது.