மூன்றாம் நாளில் ஏன் கிளம்புகிறார்கள்?

குடியை நிறுத்த மையத்தில் சேர்ந்தவர் மூன்றாம் நாளே ஊர் திரும்ப அம்பாசமுத்திரம் பஸ்ஸை விசாரிப்பது ஏன்? மது நின்ற சுமார் 6 மணி நேரத்தில் தொடங்கும் கைநடுக்கமும் தூக்கமின்மையும் இரண்டு, மூன்று நாளில் உச்சம் தொடும். அதற்கு மருந்து உண்டு. ஆனால் கூடவே வரும் அவமானத்துக்கு மருந்து இல்லை; அதைக் குறைக்க வேண்டியது அந்த மையம்தான். அமெரிக்க உளவியலாளர் ரூடால்ஃப் மூஸ் மனநல வார்டுகளின் சூழலையே அளந்து பார்த்தார். ஆதரவும் ஒழுங்கும் குறைந்த வார்டுகளில் பாதியில் வெளியேறியோர் அதிகம்.

1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனை, மஞ்சக்குடி கிராமத்தில் ஊருக்குள்ளேயே முகாம் நடத்தியது. உடன் சிகிச்சை பெற்றவர்கள் தெரிந்த முகங்கள்; குடும்பத்தாருக்கும் ஆலோசனை இருந்தது. அம்பாசமுத்திரம் போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு இத்தகைய முகாம்தான் பொருந்தும் என்பேன். பீடி சுற்றும் மனைவி, ஒரு நாள் கூலியை இழக்காமல் வந்து பார்த்துப் போகலாம்.