பழைய காரில் புது பாட்டு செட்

மாமாவின் பழைய மாருதி 800-ல் கேசட் செட்டைக் கழற்றிவிட்டுப் புது செட் மாட்டியபோது, கூட இருந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

செட் பொருந்துமா என்ற கவலை வேண்டாம். 182 மி.மீ. அகலம், 53 மி.மீ. உயரம் என்பது ஜெர்மனியில் வகுத்து உலகமே ஏற்றுக்கொண்ட அளவு. சிக்கல் எல்லாம் வயரில்தான்.

முதல் வேலை, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. புது செட்டில் 12 வோல்ட் வயர் இரண்டு வரும். மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்கும். சிவப்பில் சாவி போட்டால்தான் கரண்ட் வரும். எதுக்கு ரெண்டு என்று கேட்டேன். ஸ்டேஷனை ஞாபகம் வைப்பது மஞ்சள்தானாம்! இரண்டையும் மாற்றிக் கொடுத்தால், சாவியை எடுத்ததும் நாம் பதிந்து வைத்த கொடைக்கானல் பண்பலை 100.5 அழிந்துவிடும். கறுப்பு வயர், பாடியில் எர்த்.

ரொம்பக் கவனிக்க வேண்டியது ஸ்பீக்கர் வயர். பழைய செட் சிலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு வயரைப் பாடியிலேயே எர்த் கொடுத்திருப்பார்கள். புது செட்டில் அது ஆகாது. பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் சுமார் 6 வோல்ட் நிற்கும். ஒன்று பாடியில் பட்டால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. எரிந்துபோகலாம். போச்சு, செட்டுக்குக் கொடுத்த காசு!

அதனால் பழைய செட்டைக் கழற்றியதும், மல்டிமீட்டரின் ஒரு முனையை ஸ்பீக்கர் வயரிலும் மறுமுனையைக் கார் பாடியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பீப் சத்தம் வரக்கூடாது. மாமா காரில் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டிலும் வந்தது. இரண்டுக்கும் புது வயர் இழுத்த பிறகுதான் செட்டை மாட்டினோம்.

– பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு