பொம்பளைக்கு ஏது குறட்டை?

ஒன்பதுக்குப் படுத்து ஆறுக்கு எழுந்தாலும், ராத்திரி முழுக்க மாவாட்டியவள் மாதிரி உடம்பு அடித்துப்போட்டிருக்கும். தலை பாரம். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியிருக்கும். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டு பார்த்தார்கள். ராத்திரியில் அடிக்கடி ஒண்ணுக்குப் போகிறேன் என்றதும் சர்க்கரையும் பார்த்தார்கள். கடைசியில், "மாதவிலக்கு நிக்கிற வயசும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டார்கள். குறட்டை விடுவீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாமாகப் போய்ச் சொல்கிற விஷயமா அது?

ஆம்பளை குறட்டை விட்டால் பெண்டாட்டி ஊரெல்லாம் புலம்பி டாக்டரிடம் இழுத்துப் போவாள். பொம்பளை விட்டால் நாத்தனார் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பதோடு சரி. கல்யாண மண்டபத்தில் பெண்கள் வரிசையாகப் படுக்கிற ராத்திரிகளில், நான் காய் நறுக்குகிறேன் என்று சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கிவிடுவேன்.

பிழைப்பு ரவிக்கைத் தையல். மெஷினில் உட்கார்ந்தால் சத்தத்தில் சமாளித்துவிடுவேன். கையால் ஹெம்மிங் போடும்போதுதான் கண் சொருகும். திடுக்கிட்டுப் பார்த்தால் ஊசி விரலிடுக்கில் அப்படியே நிற்கும். அதற்கு முந்தின நாலு விரற்கடைத் தையல் மடிப்பைத் தாண்டிப் பட்டின் முன்பக்கம் குத்தியிருக்கும். பிரித்தால் நூல் போகும், ஓட்டை போகாது.

மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காததால், மதுரையில் ஒரு இதய டாக்டர்தான் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முதலில் எட்டுக் கேள்விகள். மெல்போர்ன் டாக்டர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது. டிவி பார்க்கும்போது தூங்கிவிடுவீர்களா, நெரிசலில் நிற்கிற காரில் தூங்கிவிடுவீர்களா என்று போகும். காருக்கு நான் எங்கே போக? டவுன் பஸ் என்று வைத்துக்கொண்டு மார்க் போட்டேன். 24-க்கு 10-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். பிறகு ஒரு ராத்திரி தலையில் ஒயர், நெஞ்சில் பட்டை, விரலில் கிளிப்போடு ஆஸ்பத்திரியில் படுக்கை.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுக்குழல் வாசல் அடைபடுகிறது. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலே கணக்கில் வரும். ஆக்சிஜன் குறைந்ததும் மூளை பதறி எழுப்பும், மூச்சு வரும், மறுபடி அடைக்கும். காலையில் இது எதுவும் நினைவிருக்காது. மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் கடுமை என்றார்கள். நான் அதையும் தாண்டியிருந்தேன். பிரஷரும் ராத்திரி ஒண்ணுக்கும் இதே கோளாறின் பிள்ளைகள்தான். மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு இது கூடும். ஆனால் பல பெண்கள் "அசதி, தூக்கமில்லை, மனசு சரியில்லை" என்றுதான் டாக்டரிடம் போகிறார்கள். அங்கே தூக்க மாத்திரை கிடைத்தால் இன்னும் மோசம்; அவற்றில் சில, தொண்டையை மேலும் தளர்த்திவிடும்.

வைத்தியம், சிபேப் என்கிற மெஷின். மூக்கில் மாட்டிய மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி, தொண்டையைத் திறந்தபடி வைத்திருக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துச் செய்து பார்த்து 1981-இல் அறிவித்தது. சங்கத்தில் நகையை வைத்து வாங்கினேன். ஆரம்பத்தில் தூக்கத்திலேயே பிடுங்கி எறிவேன். கரண்ட் போனால் மெஷினும் நின்றுவிடும் என்பதால் இன்வெர்ட்டர் வேறு. அசதி அத்தனையும் போய்விட்டது என்றால் பொய். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்குப் பட்டுத்துணியைக் கையில் எடுக்கிறேன்.

ரவிக்கைக்குக் கழுத்து இறக்கம்தான் எடுப்போம். சுற்றளவு, சட்டை தைக்கிறவர்கள் கணக்கு. பெண்களுக்கு அது 16 அங்குலத்தைத் தொட்டால் சந்தேகப்பட வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து நான் அதையும் எடுக்கிறேன். ஒல்லியானவர்களுக்கும் வரும் என்பதால் குறட்டையையும் கேட்டுவிடுவேன். பாதிப்பேர் முறைப்பார்கள். ஒரு அம்மா அதோடு அடுத்த தெரு டெய்லரிடம் போய்விட்டார். இன்னொருத்தி வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "அந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போகணுமாக்கா?" என்றாள். சாப்பிட்டுவிட்டே போகலாம். மத்தியானத்துக்கு மேல் காபி குடிக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, ஒயர் ஒட்டாது.