கத்தரி காத்த காவலன்

நாடகம் படமாகிறது என்றால் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் கேட்கிறோம்: வெட்டியது எதை? விட்டுவைத்தது எதை?

ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1599-ல் தீட்டிய 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தைப் பாருங்கள். 1415-ல் அஜின்கோர்ட் களத்தில் பிரெஞ்சுப் படையைச் சிதறடித்த ஆங்கில வேந்தனின் கதை. அவன் வீரவுரை கேட்டால் கோழைக்கும் தோள் தினவெடுக்கும்! ஆனால் புலவன் பொல்லாதவன். புகழ்மாலையினூடே முள்ளையும் வைத்துத் தொடுத்துவிட்டான். பழைய கூட்டாளி பார்டால்ஃப் தூக்கிலேறச் சம்மதிக்கிறான் மன்னன். கோட்டைக் கதவு திறவாவிடில் குழந்தைகள் ஈட்டி முனையில் ஏறும் என்று ஹார்ஃபிளர் நகரை மிரட்டுகிறான். சிறைப்பட்டோரைக் கொல்லவும் ஆணையிடுகிறான்!

1944-ல் லாரன்ஸ் ஒலிவியர் தாமே நடித்து, இயக்கி, இதை வண்ணப்படமாக்கினார். பிரிட்டன் ஹிட்லரோடு மல்லுக்கட்டிய நேரம். போர்க்களக் காட்சியை அயர்லாந்தில் எடுத்து, படத்தைக் கமாண்டோ வீரர்களுக்கும் வான்வழிப் படையினருக்கும் காணிக்கையாக்கினார். அம்புகள் பறக்கும் அழகென்ன! ஆனால் மேலே சொன்ன மூன்றையும் அங்கே காணோம். தணிக்கைக்காரர் வெட்டியதல்ல, எடுத்தவரே வெட்டியது.

எதிரே நின்றவன் ஹிட்லர், ஆகவே பொறுப்போம். 1989-ல் என்ன வந்தது? கென்னத் பிரானாவின் படத்தில் சேறும் செங்குருதியுமாகக் கிடக்கிறது களம். பார்டால்ஃப் தூக்கில் தொங்குகிறான். மன்னன் கண் கலங்குகிறான். மாண்ட சிறுவனைச் சுமந்து அவன் நடக்கும் நெடுங்காட்சி நம் நெஞ்சைப் பிழிகிறது. எல்லாம் சரி, கைதிகளைக் கொல்லும் ஆணை எங்கே? அங்கும் இல்லை! 45 ஆண்டு கழித்தும் கத்தரி அதே இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறது. வரலாறே மறைக்காத ஆணையை வெள்ளித்திரை மறைப்பானேன்? கொலையாணையிட்ட கோமகனுக்குக் கொட்டகை கைதட்டாதே என்ற அச்சமா?

போருக்கு முந்திய இரவு, மாறுவேடத்தில் வந்த மன்னனிடமே வில்லியம்ஸ் என்னும் எளிய சிப்பாய் வாதாடுகிறான்: நோக்கம் நியாயமற்றதெனில், வெட்டுண்ட கைகளும் கால்களும் தலைகளும் இறுதி நாளில் ஒன்றுகூடி வேந்தனைக் கணக்குக் கேட்கும் என்கிறான். ஏழை எழுப்பிய இந்த வழக்கை இரு படங்களும் விட்டுவைத்தன. நன்றி! ஆனால் ஆணையை மறைத்தபின் வழக்குக்குச் சாட்சி ஏது?

நாடக முடிவில் கட்டியக்காரன் வருகிறான். இவன் மகன் காலத்தில் பிரான்சு பறிபோயிற்று, இங்கிலாந்து குருதி சிந்திற்று என்கிறான். பிரானா அதைப் பேசவிட்டார். ஒலிவியர் படத்தில் அந்தச் செய்தி இல்லை. கொட்டகையில் கைதட்டல் கேட்கிறது.