கல்லுக்குள் தேரையும் 'காலி' என்ற தீர்ப்பும்

"கல்லுக்குள்ள இருக்குற தேரைக்கே படியளக்குறவன் நமக்கு அளக்காமப் போயிருவானா." வீட்டில் அரிசி தீர்ந்துபோகும் நாட்களில் என் பாட்டி இதைச் சொல்வாள். இந்தச் சொலவடையில் கல் என்பது ஒன்றுமே இல்லாத இடத்துக்கான குறி. அங்கே ஓர் உயிர் இருக்கிறதென்றால் வெளியிலிருந்து யாரோ அதற்குப் படியளந்தாக வேண்டும். அளப்பவன் ஒருவன், வாங்குவது ஒன்று. அண்டார்க்டிகாவின் பாறைகளுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் பற்றிப் பின்னாளில் படிக்க நேர்ந்தபோது, பாட்டியின் தேரைதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் அங்கே கதை வேறு மாதிரி இருக்கிறது.

அண்டார்க்டிகா என்றதும் நமக்கு வெண்பனிதான் தோன்றும். மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள் அப்படியல்ல. மலைத்தொடர், உள்நாட்டிலிருந்து நகர்ந்துவரும் பனித்தகடுகளைத் தடுத்துவிடுகிறது. மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று, விழுகிற கொஞ்சப் பனியையும் உறிஞ்சிவிடுகிறது. மழை கிடையாது. பாலை என்றால் வெக்கை என்றே பழகிய நமக்கு 'குளிர்ப்பாலை' என்ற சொல்லே முரணாகப் படலாம். 1903 டிசம்பரில் ஸ்காட்டும் அவருடைய ஆட்களும் இவற்றில் ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்கி நடந்தார்கள். உயிருள்ள எதையும், பாசியைக்கூட, பார்க்கவில்லை என்று ஸ்காட் எழுதிவைத்தார். அது செத்தவர்களின் பள்ளத்தாக்கு என்பது அவர் தந்த வர்ணனை. 'இங்கே எதுவும் இல்லை' என்ற முதல் தீர்ப்பு இது. நடந்துபோன கண்ணின் தீர்ப்பு.

இரண்டாவது தீர்ப்பு விஞ்ஞானத்தினுடையது. செவ்வாய்க் கிரகத்துக்கு வைக்கிங் கலங்களை அனுப்ப அமெரிக்கா தயாராகிக்கொண்டிருந்த காலம். பூமியில் செவ்வாய்க்குக் கிட்டத்தட்ட ஒப்பான இடம் இந்தப் பள்ளத்தாக்குகள் என்று கருதப்பட்டது. நார்மன் ஹாரோவிட்ஸ் குழுவினர் இங்குள்ள மண்ணைச் சோதித்தார்கள். சில மண் மாதிரிகளில் நுண்ணுயிர் எதுவும் வளரவில்லை என்று 1972இல் எழுதினார்கள். பூமியின் மண்ணிலேயே இல்லையென்றால் செவ்வாயில் எங்கே இருக்கப்போகிறது?

இங்கே முறையைக் கவனிக்க வேண்டும். மண்ணை எடுத்து, ஊட்டச்சத்துள்ள ஊடகத்தில் இட்டுக் காத்திருப்பார்கள். பெருகினால் உயிர் உண்டு, பெருகாவிட்டால் இல்லை. அதாவது, 'நாங்கள் தரும் சாப்பாட்டை, நாங்கள் காத்திருக்கும் நேரத்துக்குள் தின்று பெருகு, அப்போதுதான் நீ இருக்கிறாய்' என்ற நிபந்தனை கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இதுவும் ஒரு படியளப்புதான். ஹாரோவிட்ஸ் பொய் சொல்லவில்லை. மண்ணைக் கேட்டார், மண் சொன்னதை எழுதினார். கல்லை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தீர்ப்பை ஏற்காதவர் வுல்ஃப் விஷ்னியாக். செவ்வாயில் உயிர் தேடுவதற்காக அவர் வடிவமைத்த கருவியைச் செலவைக் காரணம் காட்டி 1972இல் வைக்கிங் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அண்டார்க்டிக மண்ணில் உயிர் உண்டு என்று காட்ட அவர் நேரே அங்கேயே போனார். 1973 டிசம்பர் 10 அன்று, தான் வைத்துவந்த சாதனங்களை எடுக்கத் தனியாகப் போன இடத்தில், மலைச்சரிவில் விழுந்து இறந்தார். வயது 51. அவர் சேகரித்திருந்த பாறைத்துண்டுகளை அவருடைய மனைவி இம்ரே ஃப்ரீட்மன் என்பவருக்கு அனுப்பிவைத்தார். ஃப்ரீட்மன் 1960களில் நெகேவ் பாலைவனத்தில் பாறைகளுக்குள் பாசி வாழ்வதைக் கண்டிருந்தவர். விஷ்னியாக்கின் பாறைகளுக்குள் உயிர் இருந்தது. மண்ணில் தேடியவர் கையில், கல்லாக.

ஃப்ரீட்மனும் மணிலாவில் பிறந்த ரோசெலி ஒகாம்போவும் தங்கள் முடிவுகளை 1976இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கியதும் அதே வருஷம்தான். கல்லிலிருந்து எடுத்ததை ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வளர்ப்பது சாதாரண வேலையல்ல. உலகின் பல மூலைகளிலிருந்து சேர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளை ஒகாம்போ அப்படிப் பேணினார். கண்டுபிடிப்பின் கதையைச் சொல்லும்போது இந்தப் பராமரிப்பு வேலை அடிக்குறிப்பாகிவிடுகிறது.

கல்லுக்குள் என்னதான் நடக்கிறது? பீக்கன் மணற்கல் என்ற பாறை இது. குவார்ட்ஸ் மணல் துகள்கள் இறுகி உண்டானது. துகள்களுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. துகள்களோ ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும். கல்லை உடைத்தால் மேலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் நிறப் பட்டைகள் தெரியும்: முதலில் கறுப்பு, அடுத்து வெள்ளை, அதற்கும் கீழே பச்சை. கறுப்பிலும் வெள்ளையிலும் இருப்பது லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டுவாழ்வு. கறுப்பு நிறமி கடும் வெயிலைத் தடுக்கிறது. மிச்ச ஒளி கீழே போகிறது. பச்சைப் பட்டையில் உள்ள பாசிகள் அந்தச் சொற்ப ஒளியில் பிழைப்பை நடத்துகின்றன. காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போதும், வெயில் படும் வடக்கு முகப்பாறை அதற்கு மேலே சூடேறும். எப்போதாவது விழும் பனி உருகித் துளைகளுக்குள் கசியும். வெளிக்காற்று உலர்ந்த பிறகும் அந்த ஈரம் உள்ளே கொஞ்ச நாள் தங்கும்.

யாரும் படியளப்பதில்லை. வெயிலும் ஈரமும் கல்லும்தான். அந்தக் கல்லையும் இவை சும்மா விடுவதில்லை. லைக்கன் சுரக்கும் அமிலம் துகள்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பைக் கரைக்கிறது. மேல்தோல் செதில் செதிலாக உரிந்து விழ, உயிர்கள் இன்னும் உள்ளே நகர்கின்றன. ஸ்காட் பார்க்காமல் கடந்த இடங்களில் இந்தக் கையெழுத்து பாறை முகங்களிலேயே இருந்திருக்கலாம். அதை வாசிக்கும் இலக்கணம் அப்போது யாரிடமும் இல்லை.

வருஷத்தின் 8,760 மணி நேரத்தில் இவை இயங்குவது ஆயிரம் மணிக்கும் குறைவு. மற்ற நேரம் உறைந்தோ உலர்ந்தோ கிடக்கும். இந்தச் சமூகத்தில் உள்ள கார்பன் ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத் தட்டின் முன்னால் சில வாரம் காத்திருப்பவனுக்கு இது மரணமாகத்தான் தெரியும்.

இவற்றை 'விளிம்பின் எதிர்ப்பு' என்று வாசிக்க எனக்கும் ஆசை வந்தது. நம் பத்திரிகைகளில் அது சுலபமான வாசிப்பு. ஆனால் லைக்கன் யாரையும் எதிர்க்கவில்லை. நம் உருவகத்தை அதன் தலையில் கட்டுவதும் இன்னொரு படியளப்பாகிவிடும். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். 'காலி' என்பது ஒரு இடத்தின் குணம் அல்ல; கேட்டவனின் கேள்வியும் அவன் பொறுமையும் சேர்ந்து எழுதிய தீர்ப்பு. தீர்ப்புக்குப் பின்விளைவு உண்டு. காலி என்று ஆனதை மிதிக்க யாரும் தயங்குவதில்லை.

அந்தப் பகுதியில் லின்னேயஸ் மேடை என்ற இடம் 1985 முதல் பாதுகாக்கப்படுகிறது. அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. அங்கே காப்பாற்ற வேண்டியதில் எளிதில் நொறுங்கும் பாறைத்தோலும் ஒன்று. ஒரு பூட்ஸ் கால் பட்டால் போதும், ஆயிரமாயிரம் வருஷத்து வாழ்வு ஒரு நொடியில் பொடியாகிவிடும்.

பாட்டியிடம் இதைச் சொல்லியிருந்தால், "அப்போ மிதிக்காம நடங்கடா" என்றிருப்பாள்.